ஒரு கப்பல் டிக்கெட்டின் கதை

1/ "மாநாட்டுக்குப் போய் என்னங்க டாக்டர் ஆகப்போகுது?"

ஆத்தூர் கிளினிக்ல ஒரு அப்பா கேட்டார். மகள் பிஎச்.டி. பண்றாங்க. வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க. விமான டிக்கெட்டுக்குத்தான் காசு இல்லை. அவருக்குச் சொன்ன கதை, உங்களுக்கும்.

2/ சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி.ராமனை இங்கிலாந்துக்கு மேற்படிப்புக்கு அனுப்ப அவர் பேராசிரியர் ஆசைப்பட்டார். பரிசோதித்த அரசு டாக்டர், அந்தக் குளிரை இந்த உடம்பு தாங்காதுன்னு தடுத்துட்டார். ஆமாங்க, எங்க ஆள்தான்!

3/ 1921. கல்கத்தா பல்கலைக்கழகம் தன் பிரதிநிதியாக அவரை ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்கு அனுப்பியது. வயசு 32. முதல் வெளிநாட்டுப் பயணம்.

4/ கப்பலில் இருந்து பார்த்த மத்தியதரைக் கடலின் நீலம் அவரை விடவில்லை. வானத்தோட பிரதிபலிப்புதான் அந்த நீலம்னு அப்போ நம்பினாங்க. கையோடு கொண்டுபோன பட்டகத்தால் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். நீலம் போகல. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்குது!

5/ அந்தக் கேள்வியைத் துரத்தித்தான் 1928ல் ராமன் விளைவு, 1930ல் நோபல்.

6/ இன்னைக்கு ஐசிஎம்ஆர், சிஎஸ்ஐஆர் மாதிரி அமைப்புகள்ல பயண நிதி உண்டு. மாநாடு நடத்துறவங்களே உதவுறதும் உண்டு. சில மாதம் முன்னாடியே விண்ணப்பிக்கச் சொல்லுங்க.

"போகாதே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதை ஒரு டாக்டர் ஏற்கெனவே சொல்லிட்டார்.