பொன்னும் காக்காய்ப்பொன்னும்

நார்த்தாமலைக் குன்றுகளின் அடிவாரத்தில் பொறுக்கிய கல் ஒன்றை மாணவர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவுதான், வெயிலில் திருப்பினால் மஞ்சளாக மின்னிற்று. "ஐயா, இதில் தங்கம் இருக்கிறதா?" என்றார். வீட்டில் அதற்குள் விலை பேசத் தொடங்கிவிட்டார்களாம்!

ஒரு தையல் ஊசியால் மின்னும் இடத்தைக் குத்திப் பார்க்கச் சொன்னேன். தங்கமாயின் ஊசி பதிந்து குழி விழும், உடையாது. அவர் குத்தியதும் மெல்லிய ஏடு ஏடாக உரிந்து வந்தது. அது அப்பிரகம். இப்பகுதிப் பாறைகளில் கரிய அப்பிரகம் கலந்திருப்பதுண்டு. வெயிலும் மழையும் பட்டுச் சிதையும்பொழுது அது பொன்னிறம் கொள்ளும். அப்பிரகத்துக்குக் காக்காய்ப்பொன் என்று நம் முன்னோர் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! இரும்பும் கந்தகமும் கூடிய கனிமம் ஒன்றும் இவ்வாறே ஏமாற்றும். மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் அது கருங்கோடு இழைக்கும். பொன் மஞ்சட்கோடு இழைக்கும். பொன் நீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனமானது. அக்கனிமமோ ஐந்து மடங்கே.

ஆசை வந்தால் சோதனை தோற்றுவிடும். மார்ட்டின் ஃப்ரோபிஷர் என்னும் ஆங்கில மாலுமி 1576ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் பனிக்கடற்கரையிலிருந்து கொணர்ந்த கல்லில் பொன் இல்லை என்றனர் சிலர். உண்டு என்றார் ஒருவர். உண்டு என்றவரையே நம்பி, 1578க்குள் கப்பல்கள் மேலும் இருமுறை சென்று ஆயிரம் டன்னுக்கு மேல் கல் ஏற்றிவந்தன. பொன் கிடைக்கவில்லை, அக்கற்கள் சாலை போட உதவின.

உண்மையில் பொன் பொதிந்த பாறை மின்னவேண்டும் என்பதில்லை. 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட கோலார் சுரங்கத்தில், இறுதிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் பொன்னே கிடைத்தது. அதைக் கண் காணாது. கல்லைப் பொடித்து ஈயத்தோடு உருக்கவேண்டும். பொன் ஈயத்திற் சேரும். எலும்புச் சாம்பலாற் செய்த கிண்ணத்திலிட்டுச் சூடேற்றினால் ஈயம் கிண்ணத்தினுள் ஊறிப்போக, சிறு மணி எஞ்சும். அதிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலத்தாற் கரைத்து நீக்கி, மிச்சத்தை நிறுத்துப் பார்ப்பர்.

பொன்னைப்பற்றிய ஐயம் புதுக்கோட்டைக்குப் புதிதன்று. ஆனால் அங்கே பழங்காலத்தில் ஐயத்துக்கு உள்ளானது கல்லன்று, காசு. 1898ஆம் ஆண்டில் கருக்காக்குறிச்சியில் உரோமாபுரிப் பொற்காசுகள் 501 அடங்கிய புதையல் கிடைத்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அதில் இருந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். மிகப் பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு ஒன்று விழுந்திருக்கிறது!

ஏன் வெட்டினார்கள்? செம்பின்மேல் பொன்முலாம் பூசிய போலிக்காசுகள் அக்காலத்தில் உண்டு. உள்ளே என்ன உலோகம் என்று பார்க்கவே வெட்டினர் என்பது ஒரு கருத்து. தேய்ந்து எடை குறைந்த காசு மீண்டும் காசாகப் புழங்காமலிருக்க வெட்டினர் என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதே பொருந்துவதாகத் தோன்றுகிறது. சோதனைக்காகவே என்றால் ஓரத்தில் ஒரு கீறல் போதுமே. அல்லது கல்லில் உரைத்தால் போதும். கட்டளைக்கல் என்னும் சொல்லைத் திருக்குறளே எடுத்தாள்கிறது. உரைத்து மாற்றறியும் கலை நமக்குப் பழையது. முகத்தைச் சிதைத்தவர் அதைக் காசாக அன்றி, நிறுத்துக் கொடுக்கும் பொன்னாக மட்டுமே மதித்தார் போலும். ஆயினும் வெட்டியவர் யவன வணிகரா, நம் நாட்டவரா என்பதில் வழக்குத் தீரவில்லை.

உருக்கியிருந்தால் பொன்னின் மாற்றுக் குறைந்திராது. இந்த வழக்கே நமக்குத் தெரியாமற் போயிருக்கும். அக்காசுகளிற் சில இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உளிவெட்டோடு இருக்கின்றன.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவர் கல்லை எறிந்துவிட்டுப் போகவில்லை. ஊசியையும் கேட்டு வாங்கிக்கொண்டார், வீட்டில் காட்ட.