கிட்டப்பாவின் குரலும் ஆவணப்படத்தின் பின்னணி உரையும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர் செங்கோட்டை. திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த இவ்வூர், 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கு 1906இல் பிறந்தவர்தான் நாடக மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா.

ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசை வரை நடிகரின் தொண்டையே எட்டியாக வேண்டும். அதற்கேற்ற உச்சக் குரல் கிட்டப்பாவுக்கு வாய்த்திருந்தது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. 1933 டிசம்பரில், 27 வயதிலேயே அவர் மறைந்தார். எந்தப் படத்திலும் அவர் நடிக்கவில்லை. அவரோடு மேடையிலும் வாழ்விலும் இணைந்த கே. பி. சுந்தராம்பாளை 'ஔவையார்' (1953) முதலிய படங்களில் இன்றும் காண்கிறோம். கிட்டப்பாவோ நமக்கு நிழற்படங்களும் இசைத்தட்டுகளும் மட்டுமே.

அந்த இசைத்தட்டுகளைக் கேட்குமுன், அவை பிறந்த விதத்தை அறிதல் நலம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். மேடையில் ரசிகர்கள் கேட்கக் கேட்க நீண்ட பாட்டு, அந்த அளவுக்குள் சுருங்கியாக வேண்டும். மெழுகுத் தட்டில் பதிந்ததை அழித்துத் திருத்த வழியில்லை. பிசகினால் முதலிலிருந்து பாட வேண்டியதுதான்.

இன்று கிட்டப்பாவைப் பற்றி ஒருவர் ஆவணப்படம் எடுப்பதாகக் கொள்வோம். ஐந்தருவியின் இரைச்சலருகே நின்று பேசினால் சொல் விளங்காது. ஆகவே காட்சியைத் தனியே எடுத்து, அமைதியான அறையில் ஹெட்போன் அணிந்து, படத்தொகுப்பு மென்பொருளில் காட்சி ஓட ஓடப் பின்னணி உரையைப் பதிவர். ஒரு வாக்கியம் பிசகினால் அதை மட்டும் மீண்டும் பேசினால் போதும். உரை ஒரு தடத்திலும் பழைய பாட்டு வேறொரு தடத்திலும் அமையும்.

இந்த வசதியிலேதான் இடர் இருக்கிறது. உரைக்கு வழிவிடப் பாட்டைத் தாழ்த்துவது வழக்கம். பிற கலைஞர்களுக்கு இது பொருந்தலாம். அசையும் உருவமே எஞ்சாத ஒருவரின் குரலைத் தாழ்த்தினால், படத்தில் அவருக்கு மிஞ்சுவது என்ன?

வேகம் மற்றோர் இடர். அக்கால இசைத்தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்றில் பதியப்பட்டவையல்ல. சுழற்சி ஆறு விழுக்காடு கூடினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். எத்தனை கட்டையில் பாடினார் என்பதே பேச்சாக இருந்த கலைஞருக்கு, இது சிறு பிழையன்று. கரகரப்பை நீக்கும் வசதியையும் மிகையாகக் கையாண்டால், இரைச்சலோடு குரலின் மேல் நாதமும் தேய்ந்துபோகும்.

ஆகவே இத்தகைய படம் எடுப்போரிடம் நாம் வேண்டுவன மூன்று: ஒரு பாட்டையேனும் உரை குறுக்கிடாமல் முழுமையாக ஒலிக்க விடுங்கள், வேகத்தையோ ஒலியையோ மாற்றியிருந்தால் அதைப் பின்னணி உரையிலேயே சொல்லுங்கள், இசைத்தட்டிலிருந்து எடுத்த முதற்படியை மாற்றமின்றித் தனியே காத்து வையுங்கள். கிட்டப்பாவின் சுருதியை நாளை ஆராய வருபவருக்கு அந்த முதற்படியே சான்று.