நோய்க்கு எண் பிறந்த வரலாறு

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் பெம்பானைச் சூழ்ந்த ஜாசின் வட்டாரத்திலும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. பால்மரம் சீவத் தமிழர் வந்தனர். பலர் அங்கேயே மடிந்தனர். அக்காலத்து மலாயாவின் இறப்புப் பதிவுகளில் பலருக்கும் எழுதப்பட்ட காரணம் ‘காய்ச்சல்’ என்னும் ஒற்றைச் சொல்லே. மலேரியாவா, குடற்காய்ச்சலா என்று அச்சொல் கூறாது. கொசு தந்த சாவையும் கெட்ட நீர் தந்த சாவையும் பிரித்தறியாத ஏடு, வடிகால் வெட்டுவதா, கிணற்றைக் காப்பதா என்று எவ்வாறு வழி காட்டும்? பெயரில்லா நோய்க்குப் பொறுப்பாளியும் இல்லை அன்றோ!

இக்குறையை ஐரோப்பியர் முன்னரே உணர்ந்திருந்தனர். இங்கிலாந்தில் வில்லியம் ஃபார் சாவுக் காரணங்களை வகைப்படுத்தினார். ஜாக் பெர்த்தியோன் 1893இல் சிகாகோவில் அனைத்துலகப் பட்டியல் ஒன்றை முன்வைத்தார். ஆயினும் அது இறந்தோர் கணக்கே. ஆளைக் கொல்லாத கட்டிக்கு அதில் என்ன மதிப்பு இருக்க முடியும்? 1948இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஆறாம் திருத்தத்தை ஏற்று, உயிரோடிருப்போரின் பிணிகளையும் சேர்த்தபோதுதான் அத்தகைய கட்டிகளுக்கு உரிய இடம் கிடைத்தது.

கழுத்தில் தோன்றும் வீக்கத்தை நம் மக்கள் பொதுவாகத் ‘தொண்டைக் கழலை’ என்பர். பட்டியலோ அதனைக் கூறுபடுத்துகிறது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் தைராய்டு சுரப்பியின் தீங்கற்ற கட்டி டி34. அதே சுரப்பியின் புற்றுநோய் சி73. அயோடின் குறைவால் வரும் வீக்கம் இ01. எழுத்து ஒன்று பிறழ்ந்தால், நலமாக வீடு திரும்ப வேண்டியவர் ஏட்டில் புற்றுநோயாளி ஆகிவிடுவார்.

அதன் பின்புறத்தே பயறளவில் ஒட்டியிருக்கும் பாராதைராய்டின் தீங்கற்ற கட்டி டி35.1. இச்சுரப்பியை முதலில் கண்டது மனிதரிடத்தில் அன்று. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தின் உடலை ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், 1850ஆம் ஆண்டளவில் அதனைக் கண்டார்! மனிதரிடத்து விளக்கியவர் சுவீடனின் ஈவார் சான்ட்ஸ்டிரோம், 1880இல். இக்கட்டி எலும்பின் சுண்ணத்தைக் கரைத்துக் குருதியில் சேர்க்கும். எலும்பு நொய்யும், சிறுநீரகத்தில் கல் விளையும். வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் 1925இல் ட்ராம் வண்டித் தொழிலாளி ஒருவரின் கட்டியை அகற்ற, அவரது எலும்பு நோய் தணிந்தது. ‘தீங்கற்றது’ என்பது புற்று அன்று என்ற பொருளிலே மட்டும்தான்.

பதினோராம் திருத்தம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. சித்த மருத்துவத்தின் நோய்ப்பெயர்களுக்கும் இடந்தரும் பகுதி 2024 சனவரியில் புதுடில்லியில் வெளியிடப்பட்டது. மலேசியப் புள்ளிவிவரத் துறையோ மருத்துவர் சான்றளித்த இறப்புகளையும் அளிக்காத இறப்புகளையும் இன்றும் தனித்தனியே வெளியிடுகிறது. இரண்டாம் வகையில் முதன்மைக் காரணமாக நிற்கும் சொல் ‘முதுமை’.