ஆஞ்சியோசார்கோமா

ஆஞ்சியோசார்கோமா (பெயர்ச்சொல்): இரத்த நாளங்களின் உட்சுவர்ச் செல்களில் தோன்றும் புற்றுநோய். மண்ணீரலில் மிக அரிதாகவே வரும்.

பிறப்பு: கிரேக்க மொழியில் 'ஆங்கெயோன்' என்றால் கலம், 'சார்க்ஸ்' என்றால் சதை, 'ஓமா' என்ற ஈறு கட்டியைக் குறிக்கும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இரத்த நாளத்தைக் 'குருதிக்கலன்' என்பதும் இதே பொருளில்தான். எபிதீலியத் திசுவில் எழுவது கார்சினோமா. எலும்பு, தசை, நாளம் போன்றவற்றில் எழுவது சார்கோமா. திசுப் பரிசோதனை முடிவறிக்கையில் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அதைப் பொறுத்துச் சிகிச்சையின் திசையே மாறிவிடும்.

விளக்கம் (மண்ணீரலில் தோன்றும் வகை): மண்ணீரல் இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது, எடை ஏறத்தாழ 150 கிராம். பழைய சிவப்பணுக்களை வடிகட்டும் இரத்தப் பைகள் நிறைந்த உறுப்பு. அதில் தோன்றும் இப்புற்றை 1879-இல் லாங்ஹான்ஸ் என்ற நோயியலாளர் முதலில் விவரித்தார். இடப்பக்க மேல்வயிற்று வலி, மண்ணீரல் வீக்கம், இரத்தசோகை, தட்டணுக் குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள். கல்லீரலுக்கு விரைவில் பரவும். மண்ணீரல் வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்து. அதற்கு முன்பே மண்ணீரலை அகற்றுவது முதன்மைச் சிகிச்சை. ஆகவே, காரணம் தெரியாத மண்ணீரல் வீக்கத்தை ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது.