டார்ச் லைட்டுக்கு எந்த பேட்டரி பெஸ்ட்? கட்டையா, சார்ஜா... வாங்கும் முன் இதை கவனிங்க!

ராத்திரியில் மும்முனை கரண்ட் வந்தால் மோட்டார் போட வயலுக்குப் போயாக வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியம் பக்கம் நெல், கரும்பு போட்டிருக்கும் விவசாயிகளுக்கு இது பழகிப்போன வேலை. ஆனால் வரப்பில் நடக்கும்போது கையில் இருக்கும் டார்ச் லைட் பாதியில் அணைந்தால்?

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. கண்ணாடி விரியனும் பெரும்பாலும் இருட்டிய பிறகே வெளியே வரும். பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பாதிப்பாக தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. எனவே டார்ச்சில் எந்த பேட்டரி இருக்கிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. என்னென்ன வகைகள் உள்ளன, யாருக்கு எது சரிப்படும்? பார்க்கலாம்.

சாதாரண பேட்டரி கட்டை

பெட்டிக்கடையில்கூட கிடைக்கும் ஜிங்க் கார்பன் கட்டை இது. ஒரு கட்டைக்கு 1.5 வோல்ட். விலை குறைவு. ஆனால் எரிய எரிய வெளிச்சம் மங்கிக்கொண்டே வரும். தீர்ந்துபோன கட்டையை உள்ளேயே விட்டால் கசிந்து டார்ச்சையே கெடுத்துவிடும்.

அல்கலைன் கட்டை

இதுவும் 1.5 வோல்ட்தான். விலை கொஞ்சம் கூட. ஆனால் சாதாரண கட்டையைவிட பல மடங்கு நேரம் எரியும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பல ஆண்டுகள் தாங்கும். எப்போதாவது டார்ச் எடுப்பவர்களுக்கு இது போதும். இதுவும் கசியும் என்பதால், மாதக்கணக்கில் தொடாமல் இருக்கப் போகிறீர்கள் என்றால் கட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

சார்ஜ் போடும் கட்டை

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. பார்க்க சாதாரண கட்டை மாதிரியே இருக்கும், ஆனால் 1.2 வோல்ட்தான். நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் போடலாம். இதற்கென்று தனி சார்ஜர் வேண்டும். சாதாரண கட்டையை அந்த சார்ஜரில் போடவே கூடாது. கசியலாம், வெடிக்கவும் வாய்ப்புண்டு.

ஈய பேட்டரி டார்ச்

சுவரில் நேரடியாக ப்ளக் சொருகி சார்ஜ் போடும் பெரிய டார்ச்களில் பல இந்த வகை. உள்ளே 4 வோல்ட் ஈய பேட்டரி இருக்கும். கனம் அதிகம். முழுசா இறங்கவிட்டு அப்படியே மூலையில் போட்டால் சீக்கிரம் செத்துவிடும். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுவது நல்லது.

லித்தியம் அயான்

இப்போது வரும் யுஎஸ்பி சார்ஜ் டார்ச்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட். எடை குறைவு, வெளிச்சம் அதிகம். செல் மேல் 18650 என்று இருந்தால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம்.

இங்கேதான் ஏமாறாமல் இருக்க வேண்டும். நல்ல கம்பெனி 18650 செல்லே சுமார் 3,500 எம்ஏஎச் அளவில்தான் இருக்கும். மலிவான செல்லில் "9,900 எம்ஏஎச்" என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீங்க.

இன்னொன்று, இந்த வகை டார்ச்களில் பல கடைசி வரை ஒரே வெளிச்சம் கொடுத்துவிட்டு திடீரென அணைந்துவிடும். தகரக் கொட்டகை வெயிலில் வைக்கக் கூடாது. உப்பிய செல்லை தொடர்ந்து பயன்படுத்தவும் கூடாது.

யாருக்கு எது?

* தினமும் வயலுக்குப் போகிறவர்கள்: லித்தியம் அயான் டார்ச். கிளம்பும் முன் சார்ஜ் பார்ப்பது அவசியம்.
* கல்வராயன் மலைப் பக்கம் போல, நினைத்த நேரத்தில் சார்ஜ் போட முடியாத இடங்களில் இருப்பவர்கள்: அல்கலைன் கட்டை டார்ச், கூடவே ஒரு செட் ஸ்பேர்.
* கரண்ட் கட்டுக்கு மட்டும் வீட்டில் வைத்திருப்பவர்கள்: அல்கலைன் கட்டை. கழற்றி, டார்ச் பக்கத்திலேயே வைக்கலாம்.

மறக்கக் கூடாதவை

பழைய கட்டையோடு புதுக் கட்டையைச் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டு வகை கட்டைகளையும் கலக்காதீர்கள். தீர்ந்த பேட்டரியை அடுப்பிலோ குப்பைத் தீயிலோ போட்டால் வெடிக்கும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்கின்றன மத்திய அரசின் 2022 பேட்டரி கழிவு விதிகள்.

எந்த டார்ச்சாக இருந்தாலும் சரி, வீட்டு வாசலிலேயே ஒருமுறை எரிய வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அதையும் மீறி பாம்பு கடித்துவிட்டால் கட்டுப்போட்டு, கீறி நேரத்தைக் கடத்த வேண்டாம். உடனே 108-க்கு போன் செய்து அரசு மருத்துவமனைக்குப் போங்க.