விளக்கை அணைக்கச் சொன்ன பெண்கள்

சவ்வாது மலையில் நாங்கள் தங்கிய விடுதி வாசலில் பெரிய எல்ஈடி விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பிப்ரவரி மாதம், அமாவாசையாகப் பார்த்து, நட்சத்திரம் பார்க்கவென்றே நானும் சித்தியும் மலையேறியிருந்தோம். விளக்கை அணைக்க முடியுமா என்று காவலாளித் தாத்தாவிடம் கேட்டேன். "பொம்பளைங்க ரெண்டு பேரு தனியா வந்திருக்கீங்க, எரியட்டும்மா" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

இதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத வானத்தைத் தேடி 1960களில் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். இருட்டைத் தேடி மலைக்குப் போவது வானியலில் பழைய வழக்கம். எல்லா மலையும் பெண்களை ஏற்றுக்கொள்ளவில்லை.

கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் வானியலாளர்கள் தங்கும் விடுதிக்குப் பெயரே 'மொனாஸ்டரி', அதாவது துறவியர் மடம். இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கரெட் பர்பிட்ஜ் 1940களில் அங்கே ஆய்வு செய்ய விண்ணப்பித்தார். பெண்களுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. 1955இல் அவருடைய கணவர் ஜெஃப்ரிக்கு அந்த வாய்ப்பு கிடைக்க, அவருடைய உதவியாளர் என்ற பெயரில் மார்கரெட் மலையேறினார். ஜெஃப்ரியோ கோட்பாட்டாளர், தொலைநோக்கியில் வேலை செய்தவர் மார்கரெட்தான். தம்பதியர் மடத்தில் தங்கக்கூடாது, தனிக் குடிலில் தாங்களே சமைத்துக்கொள்ள வேண்டும். இரண்டே ஆண்டுகளில், தனிமங்கள் விண்மீன்களுக்குள் எப்படி உருவாகின்றன என்று விளக்கிய புகழ்பெற்ற கட்டுரை வந்தது. எழுதிய நால்வரில் முதல் பெயர் மார்கரெட்டுடையது.

பாலோமர் மலைக்கு முறையான அனுமதியோடு முதலில் போன பெண் வேரா ரூபின். ஆண்டு 1965. அதுவரை சொல்லப்பட்ட காரணம், பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. (எந்த வேலைக்குப் போனாலும் நமக்கு முதலில் சொல்லப்படும் காரணம் இதுதானே!) ரூபின் காகிதத்தைப் பாவாடை வடிவில் வெட்டி, கழிப்பறைக் கதவிலிருந்த ஆண் உருவத்தின்மேல் ஒட்டினார். "இதோ, இப்போது இருக்கிறது." இன்று சிலியின் செர்ரோ பச்சோன் மலையில் அவர் பெயரால் ஒரு வானாய்வகம் இயங்குகிறது. அது இருக்கும் பகுதி 2015இல் உலகின் முதல் இருள்வான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயரும் ஒரு பெண்ணுடையது: எல்கி பள்ளத்தாக்கில் பிறந்த கவிஞர், பள்ளி ஆசிரியை, கேப்ரியேலா மிஸ்ட்ரல்.

இருட்டில் பயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு விளக்கு கேட்டு மனு எழுதியவள் நான். ஆனால் வழியில் விழவேண்டிய வெளிச்சத்தை வானத்துக்கு அனுப்பும் விளக்கு யாருக்குக் காவல்? மேலே ஒரு மூடி போட்டு, தரையைப் பார்க்கத் திருப்பினால் போதும்.

தாத்தாவிடம் பேரம் பேசினோம். ஒரு மணி நேரம் அணைப்பது, அவரும் திண்ணையில் உட்கார்ந்திருப்பது என்று முடிவானது. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆனது. பத்தரை மணிக்கு மேல் வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் ஏறி வந்தது. வாலின் நடு நட்சத்திரமான வசிஷ்டரையும், ஒட்டினாற்போல் மங்கலாக இருந்த அருந்ததியையும் காட்டினேன்.

சித்தி வெகுநேரம் பேசவில்லை. "கல்யாணத்தன்னிக்குப் பட்டப்பகல்ல மண்டபத்துக் கூரையைக் காட்டி, அருந்ததி தெரியுதான்னு கேட்டாங்க. தெரியுதுன்னு தலையாட்டினேன்" என்றாள்.

திண்ணையிலிருந்து தாத்தா எழுந்து வந்தார். "எங்கம்மா, எனக்கும் காட்டு."