கோவேறு கழுதைக்குச் சேணம் பூட்டுதல்

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. உயரத்தில் குதிரையை ஒத்திருந்தாலும் முதுகு பெரும்பாலும் கழுதையுடையதே. குதிரைக்குக் கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் மேடு எழுந்து நிற்கும்; சேணம் அதன் பின்னால் தங்கும். கோவேறு கழுதைக்கு அந்த மேடு தாழ்ந்திருக்கும். முதுகும் ஏறக்குறைய நேராகவே ஓடும். தோள் ஒடுங்கி, வயிற்றுப்பக்கம் அகன்றிருக்கும். அதனால் இறக்கத்தில் சேணம் முன்னால் நழுவித் தோளில் ஏறிக்கொள்ளும். முன்னங்காலை எட்டி வைக்க முடியாமல் விலங்கு தடுமாறும்.

இதற்கு வயிற்றுப் பட்டையை இறுக்குவதே மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, இறுக்க இறுக்கத் தோல் உரிந்து புண்ணாகுமே தவிர, நழுவல் நிற்காது. சேணத்துக்குள் இருக்கும் சட்டம் முதுகுக்குப் பொருந்த வேண்டும். குதிரைச் சேணத்தின் சட்டம் வளைந்திருப்பதால் நேரான முதுகில் நடுப்பகுதி மட்டும் அழுந்தி, முன்னும் பின்னும் தூக்கி நிற்கும். கோவேறு கழுதைக்கென்றே செய்யும் சட்டத்தில் இந்த வளைவு குறைவு. சேணத்தைச் சற்று முன்னால் வைத்து, மயிர் படிந்திருக்கும் திசையிலேயே பின்னால் நகர்த்தினால் தோள் எலும்புக்குப் பின்னே தானாக அமரும்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில், தென் விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றங்கரைவரை கோவேறு கழுதைகள் பயணிகளைச் சுமந்து சுமார் 1,300 மீட்டர் இறங்குகின்றன. அத்தகைய செங்குத்துப் பாதையில் சேணத்தைப் பின்னிருந்து பிடித்து நிறுத்தப் பிட்டப் பட்டை வேண்டும். பிட்ட எலும்பின் நுனிக்குச் சற்றுக் கீழே தொடையைச் சுற்றிவரும் தோல்பட்டை இது. இந்தப் பட்டை மேலே ஏறினால் வாலடியில் உரசும். கீழே இறங்கினால் பின்னங்கால்களைத் தட்டிவிடும். சமதரையில் நிற்கும்போது பட்டைக்குள் உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும். இறக்கத்தில் மட்டுமே அது இறுகிப் பாரம் தாங்கும். வாலடியில் மாட்டும் வால்வாரும் உண்டு. ஆனால் இழுப்பு முழுவதும் வால்தண்டின் மேலேயே விழுவதால் கனத்த சுமைக்கும் நெடிய இறக்கத்துக்கும் பிட்டப் பட்டையே மேல். ஏற்றத்தில் சேணம் பின்வாங்காமல் காப்பது மார்புப் பட்டை.

காதுகளை அழுத்துவது கோவேறு கழுதைக்குப் பிடிக்காது. ஆகவே கடிவாளத்தின் தலைப்பட்டையைக் காதுக்கு மேலாக இழுத்து மாட்டாமல், பக்கவாட்டுக் கொக்கியைக் கழற்றி மாட்டுவதே முறை.

சேணத்தை இறக்கியதும் முதுகைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் வியர்வை நனைந்திருக்க, ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே பெரும்பாலும் அழுத்தம் மிகுதி என்று பொருள். கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் பின்னர் வெள்ளை மயிர் முளைக்கலாம். சேதம் தோலுக்கடியில் இறங்கிவிட்டதற்கு அதுவே தடயம்.